புது வீடுதானே, அதுல என்ன பார்க்க இருக்கு? – சாவி வாங்கும் முன் ஆய்வு ஏன் அவசியம்?

நண்பர் ஒருவர் மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கினார். ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். தீபாவளி வருவதற்குள் படுக்கையறைச் சுவரில், குளியலறையை ஒட்டிய பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. பில்டரின் சைட் இன்ஜினீயருக்கு போன் போட்டார். "புதுக் கட்டடம் சார், ஈரம் காய ஒரு வெயில் காலம் ஆகும்" என்று பதில் வந்தது. சித்திரை வெயிலும் வந்து போனது. பெயிண்ட் உப்பி, புட்டி பொரிந்து உதிர்ந்ததுதான் மிச்சம். அதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தன் குளியலறைக் கூரையில் படர்ந்திருக்கும் கறையை மொபைலில் எடுத்துக் காட்டினார்.

கடைசியில் சொந்தச் செலவில் டைல்ஸை உடைத்தார்கள். கழிவுநீர்க் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் இடத்தில், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வரவே இல்லை. குழாயைச் சுற்றி இருந்த சந்தையும் யாரும் அடைக்கவில்லை. ஒரு மணி நேர வேலையை விட்டதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் செலவு, இரண்டு மாதத் தூசி, கீழ்வீட்டோடு மனஸ்தாபம்.

பில்டரிடம் போய்க் கேட்டபோது, "கீசர் மாட்ட நீங்கதானே சுவத்துல டிரில் போட்டீங்க? அதுலதான் கசிஞ்சிருக்கும்" என்றார்கள். இதற்கு எதிராகக் காட்ட நண்பரிடம் ஒரு தாள்கூட இல்லை. பில்டரிடம் ஒரு தாள் இருந்தது. சாவி வாங்கிய அன்று, பூஜைக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் நண்பர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. "வீட்டைப் பார்வையிட்டேன், அனைத்தும் திருப்தியாக உள்ளன."

கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பிப் பார்த்து, காம்பைப் பார்த்து, சொத்தை இருக்கா என்று பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். பட்டுப்புடவையைக் கடையிலேயே முழுசாக விரித்துப் பார்க்கிறோம். இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போகிற வீட்டை மட்டும், பெயிண்ட் வாசனையும் பளபளக்கிற டைல்ஸும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். வாஸ்து பார்க்க ஆள் கூட்டிப்போகிறோம், நல்ல நேரம் குறிக்கிறோம். குளியலறையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க யாரையும் கூட்டிப்போவதில்லை.

"பழைய வீடுன்னா சரி. புது வீட்டுல என்ன கோளாறு இருக்கப்போகுது?" என்பதுதான் பலருடைய எண்ணம். உண்மையில் பழைய வீடு தன் குறையை ஏற்கெனவே வெளியே காட்டியிருக்கும். பத்து மழையைப் பார்த்த சுவரில் கசிவு இருந்தால் கறை தெரியும். புது வீடு இன்னும் ஒரு மழையைக்கூடப் பார்க்கவில்லை. அதன் குறைகள் எல்லாம் பூச்சுக்குள்ளும் டைல்ஸுக்கு அடியிலும் இருக்கின்றன.

பார்த்தவர்கள் பலர், உங்களுக்காகப் பார்த்தவர் யார்?

"சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருக்கு, பேங்க் லோன் கொடுத்திருக்கு, ரெரா நம்பர் இருக்கு. இதுக்கு மேல நான் என்ன பார்க்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மூவரும் எதைப் பார்த்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ நகர் ஊரமைப்பு இயக்ககமோ பணி நிறைவுச் சான்று தரும்போது, அனுமதித்த வரைபடத்தின்படி கட்டடம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. பக்கவாட்டு இடைவெளி, உயரம், தளப் பரப்பு, வாகன நிறுத்தம் ஆகியவை முக்கியமாகக் கவனிக்கப்படும். உங்கள் சமையலறைப் பூச்சில் சிமென்ட் எவ்வளவு கலந்தார்கள் என்பது அந்தச் சான்றின் வேலை அல்ல.

வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. நீங்கள் தவணை கட்டத் தவறினால், இந்தச் சொத்தை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. மனையின் மதிப்பு, கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது, ஆவணம் சுத்தமா ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அந்த மதிப்பீட்டுக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் நீங்களே கட்டியிருப்பீர்கள். ஆனால் அறிக்கை போவது வங்கிக்கு.

ரெரா சட்டப்படி, வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அதிலிருந்து பணம் எடுக்க, ஒரு பொறியாளர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரும் சான்று தர வேண்டும். இது பெரிய பாதுகாப்புதான். ஆனால் அவர்கள் சொல்வது, வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்பதை. மூன்றாவது மாடியில் உங்கள் வீட்டு பால்கனியில் வாட்டம் வெளிப்பக்கம் இருக்கிறதா, ஹால் பக்கம் இருக்கிறதா என்பதை அல்ல.

ஆக, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவரவர் தேவைக்குப் பார்த்திருக்கிறார்கள். பணம் கொடுக்கிற உங்களுக்காக, உங்கள் நான்கு சுவருக்குள் வந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் தனி ஆய்வு.

புதுக் கட்டடங்கள் சொன்ன பாடம்

2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அனுமதி பெற்ற கட்டடம் அது. பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்த குடும்பங்களுக்கு, காகிதத்தில் எல்லாம் சரியாக இருப்பதும் கட்டடம் சரியாக இருப்பதும் வேறுவேறு என்று அன்று தெரிந்தது.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பு செய்தியானது. அரசு கட்டிக்கொடுத்த புதுக் கட்டடம். கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதை அங்கே குடியேறியவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். அதன்பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டு ஆய்வு நடந்தது. குடியேறிய பின் நடந்த அந்த ஆய்வு, குடியேறும் முன் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள செய்தி.

2022 பிப்ரவரி 10 அன்று டெல்லியை ஒட்டிய குருகிராமில், வசதியானவர்கள் வாழும் உயர்ந்த அடுக்ககம் ஒன்றில், ஆறாவது மாடி வீட்டின் தளம் இடிந்து, கீழே இருந்த தளங்களையும் அடுக்கடுக்காகச் சரித்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டி முடித்துச் சில வருடங்களே ஆன கட்டடம். டெல்லி ஐ.ஐ.டி. ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் குளோரைடு, அதாவது உப்பு, அதிகம் கலந்திருந்ததும் அதனால் உள்ளே கம்பிகள் துருப்பிடித்திருந்ததும் தெரிந்தது.

இந்த உப்பு விவகாரம் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உவர்ப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. சைட்டில் எந்தத் தண்ணீரைக் கலக்குகிறார்கள் என்று வாங்குபவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

எல்லாப் புது வீடும் இடிந்து விழப்போகிறது என்று பயமுறுத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. பெரும்பாலான வீடுகளில் இருப்பது உயிருக்கு ஆபத்தான குறை அல்ல. பணத்தையும் நிம்மதியையும் தின்னும் குறைதான். இரண்டில் எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி, பார்ப்பது ஒன்றுதான்.

ஆய்வில் என்ன பார்க்கிறார்கள்?

*தண்ணீர்:* புது வீட்டுப் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். குளியலறையின் வடிகாலை அடைத்து, தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவிட்டு, கீழ்வீட்டுக் கூரையையும் ஒட்டிய சுவர்களையும் பார்ப்பார்கள். நண்பரின் வீட்டில் இதை மட்டும் செய்திருந்தாலே போதும். பால்கனி, மொட்டைமாடி, சமையலறை சிங்க் அடிப்பகுதி என்று எல்லா இடத்திலும் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் கண்டுபிடிக்க ஈரமானி இருக்கிறது. ஈரமான இடம் சுற்றியுள்ள சுவரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால், வெப்பப் படக் கருவியில் அது தனியாகத் தெரிந்துவிடும்.

*பூச்சும் தரையும்:* டைல்ஸைக் கட்டையால் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை சரியாக நிரம்பாத இடத்தில் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும். பிற்காலத்தில் பீரோ வைத்தால் அந்த டைல்ஸ்தான் முதலில் உடையும். சுவர் நேராக இருக்கிறதா என்பதைத் தூக்குக்குண்டும், தரை சமமா என்பதை ரசமட்டமும், மூலை சதுரமா என்பதை மூலைமட்டமும் சொல்லும். நம் கொத்தனார்கள் தலைமுறையாக வைத்திருக்கும் கருவிகள்தான் இவை. மூலை சதுரமாக இல்லை என்பது மாடுலர் கிச்சன் மாட்ட வரும் அன்றுதான் பலருக்குத் தெரிகிறது.

*விரிசல்:* எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. பூச்சு காயும்போது வரும் மயிரிழை விரிசல் சகஜம். செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் இடத்தில் நீளவாக்கில் வரும் விரிசல், அங்கே வலை அடித்துப் பூசாததால் வருவது, சரிசெய்துவிடலாம். பீமிலோ தூணிலோ வரும் விரிசலும், ஜன்னல் மூலையிலிருந்து சுவர் முழுக்கச் சாய்வாக ஓடும் விரிசலும் வேறு வகை. எது எந்த வகை என்று சொல்வதற்குத்தான் படித்த கண் வேண்டும். சந்தேகம் வந்தால் ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தையும், மீயொலி அலைகளைச் செலுத்தி உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்பதையும் சோதிப்பார்கள். உப்புச் சந்தேகம் என்றால் கான்கிரீட் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

*மின்சாரம்:* இதில்தான் உயிர் இருக்கிறது. மூன்று பின் சாக்கெட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி நிஜமாகவே இணைக்கப்பட்டிருக்கிறதா? மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறார்களா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? ஏ.சி., கீசர் லைனுக்கு ஒப்பந்தத்தில் சொன்ன கனத்தில் வயர் இழுத்திருக்கிறார்களா? சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் எர்த் இருக்கிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். குளியலறையில் கீசர் போட்டுக் குளிக்கும் குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சில நொடிகளை மிச்சம்பிடிக்கக் கூடாது.

*அளவு:* ரெரா சட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்கு வரையறை இருக்கிறது. வெளிச்சுவர்களும் பால்கனியும் பொதுக் குழாய்ப் பாதைகளும் சேராது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். ஒப்பந்தத்தில் 650 சதுர அடி என்று இருந்து, அளந்தால் 635 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடி 8,000 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய் கணக்கு அது. டேப் பிடித்து அளக்க அரை மணி நேரம் போதும்.

ஆய்வுக்கு எல்லையும் உண்டு. பூசி முடித்த தூணுக்குள் எத்தனை கம்பி போட்டார்கள், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதைக் கடைசி நாளில் வருபவர் முழுதாகச் சொல்லிவிட முடியாது. மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடம், கான்கிரீட் க்யூப் சோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் அதற்கு வழி. நல்ல பில்டர் இவற்றைத் தரத் தயங்க மாட்டார்.

ஐந்து வருடம் பொறுப்பு இருக்கிறதே?

இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 14(3) தெளிவாகச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாகச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

அப்படியென்றால் ஆய்வு எதற்கு? மூன்று காரணங்கள்.

ஒன்று, நிரூபணம். 'குறை' என்று நீங்கள் சொல்வதை 'உபயோகத்தில் வந்தது' என்று அவர் சொல்வார். நண்பர் மாட்டிக்கொண்டது இங்கேதான். திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதால் சட்ட உரிமை போய்விடுவதில்லை. ஆனால் வழக்கு என்று வரும்போது அந்தக் காகிதம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒப்படைப்புக்கு முன்பே, தேதியிட்டு, புகைப்படத்தோடு ஒரு பொறியாளர் எழுதிய அறிக்கை இருந்தால், டிரில் யார் போட்டது என்ற பேச்சே எழாது.

இரண்டு, கை மாறும் நேரம். கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்வரை பில்டரின் ஆள் போன் எடுப்பார். அது போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து நீங்கள்தான் அவரைத் தேட வேண்டும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. அடுத்த சைட் ஆரம்பித்திருப்பார், கொத்தனாரும் பிளம்பரும் அங்கே போயிருப்பார்கள். ஆட்கள் இன்னும் அதே கட்டடத்தில் வேலை பார்க்கும்போது சொன்னால் ஒரு நாளில் முடியும் வேலைக்கு, ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஆளே கிடைக்காது.

மூன்று, இடைஞ்சல். வெறும் வீட்டில் குளியலறையை உடைத்துப் பூசுவது வேறு. பீரோ, கட்டில், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், முடியாத பெரியவர்கள் என்று குடும்பமே குடியிருக்கும்போது உடைப்பது வேறு. இலவசமாகவே செய்துகொடுத்தாலும் அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

சின்ன அடுக்ககங்களில்தான் அதிகக் கவனம் தேவை

சென்னையிலும் கோவை, மதுரை, திருச்சியிலும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவது கோபுரம் மாதிரி உயர்ந்த அடுக்ககங்களை மட்டும் அல்ல. பழைய தனி வீட்டை இடித்துவிட்டு, ஒரு கிரவுண்டில் நான்கைந்து ஃப்ளாட் கட்டி விற்கும் உள்ளூர் பில்டர்களிடம் வாங்குபவர்கள் ஏராளம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ரெராவில் கட்டாயப் பதிவுக்கான வரம்பு 500 சதுர மீட்டர் நிலம், எட்டு வீடு. ஆக, இந்தச் சின்னத் திட்டங்கள் பதிவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தனிக் கணக்கும் இல்லை, மூவர் சான்றும் இல்லை, இணையதளத்தில் காலாண்டு விவரமும் இல்லை. சின்னக் கட்டடங்கள் பலவற்றுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

இதற்காக அங்கே வாங்காதீர்கள் என்று சொல்ல முடியாது. பெரிய நிறுவனங்களைவிட நேர்த்தியாகக் கட்டும் சின்ன பில்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேற்பார்வை குறைந்த இடத்தில், வாங்குபவரின் சொந்தக் கண் மட்டும்தான் பாதுகாப்பு. தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான்.

சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுபவர்களுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. கட்டக் கட்டவே பார்க்கலாம். தளம் போடுவதற்கு முந்தின நாள் கம்பி கட்டியதைப் பார்க்க ஒரு பொறியாளரை வரச் சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, இல்லை ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சுவருக்குள் புதைத்த குழாய்களைப் பூசுவதற்கு முன்பு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமென்ட் என்றால் பத்து நாள், ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். 'தண்ணி லாரி வரலை' என்று நான்காம் நாளே நிறுத்திய தளம், பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

யாரை அழைப்பது, எப்போது அழைப்பது?

வீட்டு ஆய்வாளர் என்று தனியாக உரிமம் கொடுக்கும் முறை நம் ஊரில் இல்லை. பெரிய நகரங்களில் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் வந்துவிட்டன. சதுர அடிக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். அவர்கள் இல்லாத ஊரில், அனுபவமுள்ள சிவில் பொறியாளரோ ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளரோ, கூட ஒரு நல்ல எலக்ட்ரீஷியனும் போதும். ஆள் பிடிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பில்டரோடு அவருக்குத் தொழில் தொடர்பு இருக்கக் கூடாது. குறையைக் கண்டுபிடித்துவிட்டு, "நானே சரிபண்ணித் தர்றேன், இவ்வளவு ஆகும்" என்று கான்ட்ராக்ட் கேட்பவராக இருக்கக் கூடாது. வாய்ப்பேச்சோடு விடாமல், படம் போட்டு, இடம் குறித்து, எழுத்தில் தருபவராக இருக்க வேண்டும்.

ஐம்பது லட்சம் ரூபாய் வீட்டுக்குப் பத்திரச் செலவே லட்சங்களில் போகிறது. மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். கிரகப்பிரவேச விருந்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் இந்த ஆய்வுக் கட்டணம்.

நேரம் மிக முக்கியம். வேலை முடிந்துவிட்டது என்று பில்டர் தகவல் சொன்ன பிறகு, கடைசித் தவணைக்கும் சாவிக்கும் முன்பு ஆய்வு நடக்க வேண்டும். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துக்கணும்" என்று அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். குடியேறுவதற்கான சான்று வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் ரெரா சட்டம் வாங்குபவருக்குச் சொல்கிறது. தண்ணீர் தேக்கிப் பார்க்க அதில் தாராளமாக நாள் இருக்கிறது.

அறிக்கை வந்ததும் அதை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் பில்டருக்கு அனுப்புங்கள். எந்தெந்தக் குறையை எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் "பண்ணிடலாம் சார்" என்று சொல்வது கணக்கில் வராது. சரிசெய்த பிறகு அதே ஆய்வாளரை மறுபடி அழைத்துப் பாருங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் 'திருப்தி' என்று அச்சிட்டிருந்தால், "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"வெளியாள உள்ள விட மாட்டோம்"

சில பில்டர்கள் இப்படிச் சொல்வதுண்டு. 'சைட் சேஃப்டி' என்பார்கள், 'கம்பெனி பாலிசி' என்பார்கள். கட்டி முடித்து, நீங்கள் பணம் கட்டிய வீட்டுக்குள் உங்கள் பொறியாளர் வருவதில் என்ன பாதுகாப்புப் பிரச்சினை? இந்த மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். ஒப்பந்தம் போடும்போதே, "ஒப்படைப்புக்கு முன் வாங்குபவர் தன் செலவில் ஆய்வு செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. ஒருவராகக் கேட்பதைவிட, அதே கட்டடத்தில் வாங்கிய பத்துப் பேர் சேர்ந்து கேட்பது எளிது. கட்டணமும் குறையும். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, தீயணைப்புக் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று பொதுவானவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இது பில்டருக்கு எதிரான காரியமும் அல்ல. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு இந்த அறிக்கைதான் சிறந்த விளம்பரம். பெயிண்ட்டுக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான், நன்றாகக் கட்டுகிறவரும் ஒப்பேற்றுகிறவரும் ஒரே விலைக்கு விற்க முடிகிறது.

அரசு செய்ய வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் வாங்குபவர் தலையில் கட்டிவிடுவதும் சரியல்ல. தமிழ்நாடு ரெரா ஆணையம், பதிவுபெற்ற திட்டங்களில் ஒப்படைப்புக்கு முன்பு பில்டரைச் சாராத பொறியாளரின் தர அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த அறிக்கை திட்டத்தின் இணையப் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். வாங்குபவர் தன் ஆய்வாளரை அழைத்துவரும் உரிமை, மாதிரி ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாக இடம்பெற வேண்டும். எட்டு வீட்டுக்குக் குறைவான திட்டங்களுக்கும் எளிமையான ஒரு பதிவு முறை வேண்டும். அரசே கட்டித்தரும் குடியிருப்புகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். அங்கே குடியேறுகிறவர்களால் சொந்தச் செலவில் பொறியாளரை அழைத்துவர முடியாது.

இவையெல்லாம் வரும்போது வரட்டும். உங்கள் சாவி அதுவரை காத்திருக்கப்போவதில்லை. ஐயரிடம் நாள் குறிக்கச் சொல்வதற்கு முன்பு, பொறியாளரிடம் ஒரு நாள் கேளுங்கள். அவர் வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையிலும் பால்கனியிலும் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிகாலைத் தேடி ஓடுகிறதா, அறைப்பக்கம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.